பாய்லர் அறை ஜன்னல்

சிகரெட் குடிப்பவன் செய்யும் சத்தியத்தை யாரும் நம்புவதில்லை. அதுவும் இன்னொருத்தன் குடிக்கவில்லை என்று அவன் சத்தியம் செய்தால், கேட்பவர்களுக்குச் சிரிப்புதான் வரும். நான் அப்படி ஒரு சத்தியம் செய்தேன். பாய்லர் அண்ணனுக்காகச் செய்தேன். அது எடுபடவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

எங்கள் சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் தங்கும் விடுதிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாகத் துணி வரும். நான் இஸ்திரி மெஷினில் நிற்பவன். ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து மொறமொறவென்று வந்து விழும். அதற்கு நீராவி கொடுப்பது பாய்லர். அதைக் கவனித்துக்கொள்பவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. முதலாளிக்கு அவர் 'பாய்லர்', எங்களுக்கு 'பாய்லர் அண்ணன்'. அவருக்கு நான் 'ரயில்'. என்னைவிட இரண்டு பங்கு புகை விட்ட மனுஷன் எனக்கு அந்தப் பெயரை வைத்தார், அதை நானும் சுமந்துகொண்டு திரிந்தேன்.

பாய்லர் அறை கட்டடத்தின் பின்கோடியில், சில படிகள் இறங்கிப் போகிற இடத்தில் இருந்தது. துணிப்பஞ்சு பறந்து உள்ளே போகக்கூடாது என்பதால் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே ஒரே ஒரு ஜன்னல், பின்சந்தைப் பார்த்தபடி. நான் சந்தில் சுவரோடு சாய்ந்து நின்று, லைட்டரால் ஜன்னல் சட்டத்தில் இரண்டு தட்டு தட்டுவேன். அவர் உள்ளேயிருந்து ஸ்பானரால் இரண்டு தட்டு பதில் தட்டிவிட்டு, ஸ்டூலில் ஏறி முழங்கையை ஊன்றித் தலையை வெளியே நீட்டுவார். ஒரே நெருப்பில் இரண்டு பேரும் பற்றவைப்போம். முதலாளியின் கஞ்சத்தனத்திலிருந்து என் கல்யாணம் தட்டிப்போன கதை வரைக்கும் பேசித் தீர்த்தது அங்கேதான். மழைக்கும் சரி, குளிருக்கும் சரி, அந்த ஜன்னல் மூடி நான் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே மகள். தாய் இல்லாமல் அவரே தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்த பெண். அவருடைய பிடிவாதம் அப்படியே அவளிடம் இருந்தது. அவளுக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத்தான் அந்த உயிரைத் தேற்றினார்கள். நுரையீரல் இன்னும் முதிரவில்லை, புகை பிடிப்பவர்கள் பக்கத்தில் வரக்கூடாது, சட்டையில் ஒட்டின வாசனைகூட ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தாத்தாவுக்கு வாசற்படியில் நின்று எட்டிப்பார்க்க மட்டும்தான் அனுமதி.

ஆஸ்பத்திரியில் சிகரெட்டை விட்டவர்களுக்கென்று ஒரு குழு நடந்தது. மகள் போய் விசாரித்து அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டு வந்தாள். வாரா வாரம் அங்கே ஒரு கருவியில் ஊதிப் பார்ப்பார்களாம். ஒரு மாதம் விடாமல் பச்சை வரட்டும், பிறகு குழந்தையை உங்கள் கையில் தருகிறேன் என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு அவர் ஜன்னலுக்கு வந்தார், ஆனால் பற்றவைக்கவில்லை.

"டேய் ரயில், இன்னையோட நம்ம உறவு அத்துச்சு."

"எத்தனை நாளைக்குண்ணே?"

"பேத்தி என் கையில வந்து படுக்கிற வரைக்கும். அதுக்கப்புறம் அவ விட்டாத்தானே உன்கிட்ட வர."

நான் சிரித்தேன். முன்பும் பலமுறை விட்டவர்தான், பாதி பாக்கெட்டை என் பையில் திணித்து 'என் கண்ணில் காட்டாதே' என்று சொல்லிவிட்டு மறுநாளே வந்து கேட்டவர்தான். இந்தத் தடவை அப்படி இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். சட்டைப் பையில் பெப்பர்மின்ட் பொட்டலம் வந்தது. குழந்தையின் கழுத்து நிற்காதாமே, எப்படித் தாங்குவது என்று என்னிடம் கேட்டார். குடும்பமே இல்லாதவனிடம் போய்க் கேட்டார் பாருங்கள். பிறகு ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி முழங்கை மடிப்பில் வைத்துக்கொண்டு, பாய்லர் முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்து பழகினார். கதவிடுக்கு வழியாக நானே பார்த்தேன்.

குழுவைப் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார். ஒரு நர்ஸம்மா நடத்தினாள். வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மூச்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்து, பிறகு குழாயில் மெதுவாக ஊத வேண்டும். உடம்பில் புகையின் நஞ்சு இருந்தால் சிவப்பு விளக்கு, இல்லாவிட்டால் பச்சை. பச்சை வந்தால் எல்லோரும் கைதட்டுவார்கள். சிவப்பு வந்தால் யாரும் திட்ட மாட்டார்கள். "முதல்ல இருந்து" என்று எல்லோரும் சேர்ந்து அன்பாகச் சொல்வார்கள். அவ்வளவுதான். "ஊதுறதை விட்டவன் அதையும் ஊதித்தான் காட்டணும், என்ன கொடுமைடா" என்று அவர் சிரித்தார். வாரா வாரம் அவருக்குப் பச்சைதான் வந்தது.

மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம்தான் அவருக்கு ஆசை தாங்க முடியாமல் போனது. சந்திலிருந்து வரும் வாசனை ஆளைக் கொல்கிறது என்று குழுவில் சொல்லியிருக்கிறார். அங்கே அவர்கள் சொன்ன யோசனை நல்ல யோசனைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆசையைக் கிளப்புகிற இடத்தை விட்டு விலகியிருங்கள், வாசனை வரும் வழியை அடைத்துவிடுங்கள், ஆசை வந்தால் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்து விடுங்கள் என்றார்கள். எல்லோருக்கும் சொல்கிற யோசனை. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தது பாய்லர் பக்கத்தில்.

அவர் ஒரு பலகையை ஜன்னலுக்கு அளவாக அறுத்து ஆணியடித்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பலகைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில் கிழிந்த விரிப்பைச் சுருட்டிச் சுருட்டிச் செருகினார். நான் சந்தில் நின்று, ஆணியடிக்கிற சத்தத்தைக் கேட்டபடி புகைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. மறுநாள் பலகையில் லைட்டரால் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தேன். உள்ளேயிருந்து இரண்டு தட்டு வந்தது. சரி, அந்த மட்டுக்கும் உறவு இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் வேலை முடிந்த கையோடு குழுவுக்குப் போய் ஊதினார். சிவப்பு.

கருவி கெட்டுவிட்டது என்றார். நர்ஸம்மா வேறு கருவி எடுத்துக்கொடுத்தாள். அதிலும் சிவப்பு. "முதல்ல இருந்து" என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். தான் குடிக்கவில்லை என்று அவர் எழுந்து நின்று சொன்னாராம். பக்கத்து நாற்காலிக்காரர் முதுகைத் தடவிக்கொடுத்து, ஆரம்பத்தில் தானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்ததாக ஆறுதல் சொன்னாராம். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார் அண்ணன்.

நர்ஸம்மா கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தாள். வேலை செய்கிற இடத்தில் அடுப்பு, புகை ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாள். நம் ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. பாய்லர் உண்டு, ஆனால் அது கேஸில் ஓடுவது, அதன்மேல் வெள்ளைத் துண்டைப் போட்டு எடுத்தாலும் கறை இருக்காது, என் பாய்லரில் புகை என்கிற பேச்சுக்கே இடமில்லை என்று மார்தட்டியிருக்கிறார். தன் பிள்ளையைப் பற்றிக் கேட்டால் எந்தத் தகப்பன் குறை சொல்வான்? அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு வாரா வாரம் சிவப்புதான். தலைவலி என்றார். வயிற்றைப் புரட்டுகிறது என்றார். எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுந்தார். திருகுக் குழாயைத் திறந்தோமா மூடினோமா என்பது மறந்துபோனது. சிகரெட்டை விட்டவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும் என்று குழுவில் சொன்னார்கள். தலைவலி வந்தபோதெல்லாம் அந்த அறையில் உட்கார்ந்து, சொல்லிக்கொடுத்தபடி, மூச்சை ஆழமாக இழுத்து இழுத்து விட்டார்.

நர்ஸம்மா நல்லவள். இன்னொரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று ஒரு விடுமுறை நாளில் வரச்சொல்லி ஊத வைத்தாள். பச்சை வந்தது. பச்சை வந்ததும் அவர் சந்தோஷப்பட்டுவிட்டார், பாவம். அதுதான் அவரைக் கவிழ்த்தது. மகளின் வாசற்படியில் அவள் கண்ணெதிரே நிற்கிற விடுமுறை நாளில் பச்சை, வேலைக்குப் போன நாளில் சிவப்பு என்றால் என்ன அர்த்தம்? பச்சைக்குழந்தைக்குக்கூடப் புரியும். வேலை இடத்தில் குடிக்கிறார். கணக்கு அவ்வளவு சுத்தமாகப் பொருந்தியது.

மறுநாள் மாலை மகள் சலவைக்கூடத்து வாசலுக்கு என்னைத் தேடி வந்தாள். சின்ன வயதிலிருந்து என்னைச் சித்தப்பா என்று கூப்பிடுகிறவள். கண்கள் சிவந்திருந்தன. குழந்தை இரவெல்லாம் தூங்கவிடவில்லை போலும்.

"உண்மையைச் சொல்லுங்க சித்தப்பா. அப்பா உங்ககூடச் சேர்ந்து குடிக்கிறாரா?"

"இல்லம்மா. ஜன்னலையே அடைச்சுட்டார். சந்துப் பக்கம் எட்டிக்கூடப் பாக்குறதில்ல. என் தலைமேல அடிச்சுச் சத்தியம் பண்றேன்."

அவள் ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என் வாயிலிருந்து அடித்த வாசனை.

"திருடனுக்குத் திருடன் சாட்சியா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அவர் குடிச்சாக்கூட நான் தாங்கிக்குவேன். பொய் சொல்றாரே, அதான் தாங்க முடியல. இனிமே வாசற்படிக்கும் வர வேண்டாம்னு சொல்லிடுங்க."

நான் போய்ச் சொல்லவில்லை. அவளே அன்றிரவு சொல்லிவிட்டாள். மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவர் எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கினாற்போல இருந்தது. கொஞ்ச நேரம் வெளிக்காற்றில் நில்லுங்கள், தலைவலி குறையும், சந்துக்கு வாருங்கள், நான் பற்றவைக்க மாட்டேன் என்று கெஞ்சினேன்.

"சந்துல நிக்கிறதை யாராவது பாத்துட்டா?" என்றார். "அவ காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். எனக்கு அந்த ரூமே போதும். உள்ளேயே கிடக்கிறேன். அப்பவாவது நம்புறாளா பாப்போம்."

நிரூபிப்பதற்காக அவர் அந்த அறையை விட்டு வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். சாப்பாட்டையும் உள்ளேயே கொண்டுபோனார். குடித்த காலத்தில் மணிக்கு ஒரு தடவையாவது ஜன்னலில் தலையை நீட்டிய மனுஷன், குடிக்கவில்லை என்று காட்டுவதற்காக நாள் முழுக்க அந்தப் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஒரு பெரிய விடுதியின் துணி மொத்தமும் வந்து குவிந்த நாள் அது. காலையிலிருந்து எல்லா மெஷின்களும் ஓடின, பாய்லரும் முழு மூச்சில் ஓடியது. மத்தியானம் நான் சந்துக்குப் போய்ப் பலகையில் இரண்டு தட்டு தட்டினேன். பதில் வரவில்லை. கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். பற்றவைத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டு மறுபடி தட்டினேன். அவர் என்மேல் எத்தனையோ தடவை கோபப்பட்டிருக்கிறார், ஆனால் தட்டினால் தட்டாமல் இருந்ததில்லை. சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன்.

கதவைத் திறந்ததும் வாசனை எதுவும் இல்லை, புகையும் இல்லை. அவர் சொன்ன மாதிரியே அறை சுத்தமாகத்தான் இருந்தது. சுவரோடு சாய்ந்து சரிந்து கிடந்தார். முழங்கை மடிப்பில் சுருட்டின துண்டு. பக்கத்தில் பெப்பர்மின்ட் சிதறியிருந்தது. கூப்பிட்டேன், உலுக்கினேன், எழுந்திருக்கவில்லை. எனக்கே கால் பின்னியது, காதில் என்னவோ இரைந்தது. ஸ்பானரை எடுத்துப் பலகையை அடித்து உடைத்தேன். பிறகு அவரைக் கக்கத்தில் கைகொடுத்துப் படிகளில் இழுத்துக்கொண்டு வந்து சந்தில் போட்டேன். நான் போட்ட சிகரெட் அங்கே இன்னும் புகைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு டாக்டர், இவர் சிகரெட் குடிப்பவரா என்று கேட்டார். மகள் ஆமாம் என்றாள். நான் இல்லை என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். டாக்டர் எங்கள் இருவரையும் பார்த்தார். ரத்தத்தில் விஷவாயு ஏறியிருக்கிறது, இது சிகரெட்டால் வரக்கூடிய அளவே இல்லை, மூடிய அறையில் ஏதாவது எரிந்ததா, எத்தனை நாளாக இவருக்குத் தலைவலி என்று கேட்டார். தலைவலி, வாந்தி, மறதி, கோபம் எல்லாவற்றையும் நான்தான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச்சொல்ல அவள் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். என்னால் நிறுத்தவும் முடியவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தான். பாய்லரின் புகைபோக்கி கூரைக்குக் கீழே ஒரு மூட்டில் விட்டுப்போயிருந்தது. நெடுநாளாகவே அப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்றான். ஜன்னல் திறந்திருந்தவரை அந்த வாயு வந்த வேகத்தில் வெளியே போயிருக்கிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. சிகரெட் புகையில் இருக்கிற அதே நஞ்சுதான். அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அண்ணனும் பொய் சொல்லவில்லை.

துணி மடிக்கிற பிரிவில் ஒருத்தன், சிகரெட் குடித்தவரைக்கும் ஆள் கல்லுக்குண்டு போல இருந்தார், விட்டதுதான் அவரை முடித்துவிட்டது என்றான். அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாத்தினேன். "சிகரெட் இல்லடா, ஜன்னல்" என்றேன். நாலு பேர் வந்து பிரித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பேச்சு எவ்வளவு சீக்கிரம் பரவும் தெரியுமா? நாலைந்து பேர் அதைச் சொல்லிக்கொண்டே நிம்மதியாகப் பற்றவைத்தார்கள்.

அன்றைக்குச் சந்தில் கீழே போட்டதுதான் என் கடைசிச் சிகரெட். யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம். நல்ல புத்தி வந்து நான் விடவில்லை, அதை வாயருகே கொண்டுபோனால் பதில் வராத அந்தப் பலகைதான் காதில் கேட்கிறது. குழுவில் இப்போது நானும் உட்காருகிறேன். பச்சை வந்தால் கைதட்டுகிறார்கள். சிவப்பு வந்தால் யாரும் "முதல்ல இருந்து" என்று சொல்வதில்லை. வீட்டில், வேலை இடத்தில் என்னென்ன எரிகிறது, யார் என்ன பதில் சொன்னாலும் சரி, நேரில் வந்து பார்க்கிறேன் என்கிறாள் நர்ஸம்மா. அண்ணனின் நாற்காலியை அவள் எடுக்கவும் இல்லை, அதில் யாரையும் உட்காரச் சொல்லவும் இல்லை.

அவர் பிழைத்தார். ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். மகள் வீட்டில், குழந்தையின் தொட்டிலுக்கு எதிரே, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கை ஓயாமல் நடுங்குகிறது. என்னைப் பார்த்தால் சில நாள் சிரிப்பார், சில நாள் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். கொண்டுவந்த முதல் நாளே மகள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். கையை எடுத்து அவளே சுற்றிப் பிடித்துவைத்தாள். விட்டதும் அந்தக் கை விலகிக் கீழே தொங்கியது. நல்லவேளையாக அவள் தாங்கிக்கொண்டாள். துண்டை வைத்து அவ்வளவு பழகிய கை.

போன வாரம் போயிருந்தேன். என் சட்டையில் இப்போது சோப்பு வாசனைதான், அவள் விலகி நிற்கவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம். கழுத்தில் துண்டைக் கட்டி, ஒரு ஸ்பூன் எடுத்து ஆற்றி, அவர் வாயருகே கொண்டுபோனாள். அவர் ஸ்பூனையே பார்த்தார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். மூச்சை நெஞ்சு முட்ட இழுத்தார், பிடித்துவைத்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு உதட்டைக் குவித்து, மெதுவாக, விடாமல் ஊதினார். கஞ்சி அவள் முகத்திலும் கழுத்திலும் தெறித்தது. ஊதி முடித்துவிட்டு ஸ்பூனைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், மறுபடி ஸ்பூனைப் பார்த்தார். கண்ணில் அப்படி ஒரு பயம்.

ஒவ்வொரு வேளையும் இப்படித்தான், ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இப்படித்தான் என்று அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. அவர் இன்னும் காத்திருந்தார்.

"பச்சைப்பா" என்றாள். "பச்சைதான் வந்திருக்கு."

அவர் வாயைத் திறந்தார்.